எழுத்தாணி முதல் குரல் வரை

மனிதன் கருவியைப் படைக்கிறான். படைத்த பின்னர் அக்கருவிக்கு ஏற்பத் தன் கையையும் கண்ணையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்கிறான். இவ்வுண்மையை உழவு, நெசவு, போக்குவரத்து என எத்துறையைக் கொண்டும் விளக்கலாம். எனினும் இக்கட்டுரையில் எழுதுதல் என்னும் ஒரே செயலை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லா இல்லங்களிலும் நாள்தோறும் நிகழும் செயல் இது. தமிழ் எழுத்தோ, ஓலை, அச்சு, தட்டச்சு, கணினி, கைப்பேசி என்று கருவி பல கண்டு இன்று குரல்வழி எழுத்துவரை வந்துள்ளது.

ஒவ்வொரு கருவியையும் பார்க்கும்போது இரண்டு வினாக்களை நம் முன் வைத்துக்கொள்வோம். முதலாவது: அக்கருவி எழுதுவோரிடம் எதைக் கேட்டது? இரண்டாவது: பிழை நேர்ந்தால் அதைத் திருத்தும் பொறுப்பு யாரிடம் இருந்தது? இரண்டாம் வினாவுக்குரிய விடை காலந்தோறும் மாறி வந்திருப்பதை இறுதியில் உணர்வோம்.

ஓலையும் எழுத்தாணியும்

பதப்படுத்திய பனையோலையை இடக்கையில் ஏந்தி, வலக்கையில் எழுத்தாணி பிடித்துக் கீறி எழுதுவது பண்டை முறை. கீறிய பின் மையோ கரியோ தடவினால்தான் எழுத்து விளங்கித் தோன்றும். இதற்கு நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. ஆதலின் எழுத வல்லோர் ஊரில் சிலரே இருந்தனர்.

கருவியின் இயல்பு எழுத்தின் வடிவத்தையும் தாக்கியது. ஓலையில் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதினர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு ஏட்டில் காணப்படவில்லை. ‘எரி’ என்று இருந்தால் அது தீயா, நீர் நிறைந்த ஏரியா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும். ரகரமும் துணைக்காலும் ஒன்று போலவே தோன்றும். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இவ்விடரைப் பெரிதும் நீக்கியவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் ஆவார்.

ஆகவே ஏட்டில் விடுபட்டதை நிரப்பும் கடமை படிப்பவரைச் சார்ந்தது. புள்ளியைப் படிப்பவரே தம் மனத்தில் இட்டுக்கொண்டார். ஆசிரியரிடம் பாடம் கேட்டவருக்கே ஏடு பேசும். மற்றவருக்கு அது கீறல் மட்டுமே. ஏடு எழுதியவர் இறுதியில் தம் பெயரையும், எழுதி முடித்த நாளையும் குறித்து, பிழையிருப்பின் பொறுத்தருளுமாறு பெரியோரை வேண்டிக்கொள்வதும் உண்டு. எழுதியவர் இன்னார் என்பது தெரிந்தது. தாம் பிழை செய்யக்கூடியவர் என்பதை அவரே சொல்லியும் வைத்தார்.

அச்சு வந்த பின்

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் அதுவே. ஆயினும் நம்மவர் தாமே அச்சகம் நடத்தும் உரிமை 1835-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே பரவலாயிற்று. அதன்பின் சங்க இலக்கியங்களும் காப்பியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏட்டிலிருந்து தாளுக்கு வந்தன.

நம் வாசகர் நன்கறிந்த சான்று சீவக சிந்தாமணி. உ.வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு அதனைப் பதிப்பித்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களையும் நச்சினார்க்கினியர் உரையையும் பல ஏடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தே அவர் அச்சுக்குத் தந்தார். ஏடுகள் ஒன்றோடொன்று வேறுபட்டன. சமயக் கருத்துகளும் மரபுச் சொற்களும் விளங்காத இடங்களில் கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களை நாடிப் பொருள் தெளிந்தார். அவர்கள் அக்காப்பியத்தை வழிவழியாகப் பாடம் கேட்டு வந்தவர்கள். ஏடு மட்டும் இருந்து, அதைப் படித்துக்காட்டிப் பொருள் சொல்லும் மனிதர் இல்லாமற்போயிருந்தால் அப்பதிப்பு எவ்வளவு இடர்ப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சு, எழுதும் வேலையைப் பலருக்குப் பங்கிட்டது. நூலாசிரியர் எழுதினார். அச்சுக்கோப்பவர் இடவலம் மாறிய ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தார். மெய்ப்பு நோக்குபவர், அதாவது புரூப் திருத்துபவர், மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை களைந்தார். அதையும் மீறி நின்ற பிழைகளுக்கு நூலின் முடிவில் பிழை திருத்தப் பட்டியல் சேர்த்தனர். பிழைக்குப் பொறுப்பேற்க இப்போது தனியாக ஓர் ஆள் இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

தட்டச்சின் கட்டளை

அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். தமிழுக்கோ உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247. ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் இவற்றை எவ்வாறு அடக்குவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா இதற்கு வழி கண்டு, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தார். புள்ளி போன்ற சில குறிகளை நகரா விசைகளில் வைத்தது இவ்வமைப்பின் நுட்பம். அவ்விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும்; ஆனால் தாள் அடுத்த இடத்துக்கு நகராது. பின்னர் அழுத்தும் எழுத்து அதே இடத்தில் விழுந்து, குறியோடு சேர்ந்து ஒன்றாகும்.

இதனால் நேர்ந்த விந்தை ஒன்றுண்டு. பள்ளியில் ‘க்’ எழுதக் கற்பிக்கும்போது முதலில் ககரத்தை எழுதச் சொல்லி, பின்னர் அதன் தலையில் புள்ளி இடச் சொல்வோம். தட்டச்சிலோ முதலில் புள்ளி, பின்னர் ககரம். பல ஆண்டுகள் கையால் எழுதிப் பழகிய ஒருவர், பொறியின் முன் அமர்ந்ததும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மனிதன் பொறியின் முறையைக் கற்ற காலம் அது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆயினும் இக்கருவி தந்த நன்மையை மறத்தல் ஆகாது. சிற்றூர்களிலும் தட்டச்சுப் பயிற்சி நிலையங்கள் தோன்றின. லோயர், ஹையர் தேர்வுகளில் வெற்றி பெற்ற பெண்கள் பலர் அலுவலகங்களில் இடம்பெற்றனர். வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு ஊதியமும் மதிப்பும் தேடித் தந்த கருவிகளுள் தட்டச்சுப் பொறியும் ஒன்று.

கருவிக்காக மாறிய எழுத்து

கருவிக்கு ஏற்ப மனிதன் மட்டுமன்று, எழுத்தும் மாறியது. பெரியார் 1935-ஆம் ஆண்டு முதல் தம் இதழில் சில எழுத்துகளின் வடிவத்தை எளிதாக்கி அச்சிட்டார். 1978-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு அவ்வடிவங்களை ஏற்று ஆணை பிறப்பித்தது. யானையின் துதிக்கை போல் முன்னே வளைந்த ஐகாரக் குறியைக் கொண்டிருந்த ணை, லை, ளை, னை ஆகியவை மற்ற எழுத்துகளைப் போன்ற குறியைப் பெற்றன. தனி வடிவில் சுழித்து எழுதப்பட்ட ணா, றா, னா ஆகியவை துணைக்கால் பெற்றன. கற்போருக்கு எளிமை, அச்சுக்கோப்பிலும் தட்டச்சிலும் சிக்கனம் என்பவை இதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

அவ்வாண்டுகளில் வகுப்பில் நின்றவர்கள் ஒன்றைக் கண்டோம். மாணவர் புதிய வடிவத்தை விரைவில் பற்றிக்கொண்டனர்; பெற்றோர் பழைய வடிவத்திலேயே தொடர்ந்து எழுதினர். இரண்டையும் படிக்கத் தெரிந்த தலைமுறை ஒன்று இடையில் நின்றது. அத்தலைமுறை இன்று முதுமை எய்திவிட்டது. 1978-க்கு முன் அச்சான தோத்திர நூலையோ பாட்டனார் எழுதிய கடிதத்தையோ இன்றைய பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால், சில எழுத்துகளில் தடுமாறுவதைக் காணலாம். எளிமை கிடைத்தது; அதற்கு ஈடாகப் பழைய நூல்களுக்கும் இளையோருக்கும் இடையே ஒரு சிறு திரை விழுந்தது. அத்திரையை விலக்க ஒருவர் அருகிலிருந்து பத்து நாள் கற்பித்தாலே போதும். கற்பிப்போர் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

கணினியும் தமிழும்

கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்தில் எழுத்துருக்கள் பல இருந்தன. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான ஒருங்குறி முறையில் 1991-ஆம் ஆண்டே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அது நடைமுறைக்கு வர ஆண்டுகள் பல ஆயின. தமிழ்நாட்டரசு 2010-இல் அதனை ஏற்றது. இன்று சென்னையில் எழுதுவது சிங்கப்பூரில் எழுத்து மாறாமல் தோன்றுகிறது என்றால் அது இப்பொது முறையின் பயனே.

1999-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடப்புறம், மெய்யெழுத்துகள் வலப்புறம் என்பது அதன் அமைப்பு. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று இலக்கணத்தில் கற்பிக்கிறோம் அல்லவா? அதே ஒழுங்கில் விரல்கள் இயங்கும். ‘கொ’ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என்று மூன்றைத் தேட வேண்டுவதில்லை. ககரத்தை அடுத்து ஒகரத்தை அழுத்தினால் வடிவத்தைக் கணினியே அமைத்துக்கொள்ளும். தட்டச்சுக் காலத்தில் மனிதன் பொறியின் வரிசைக்கு வளைந்தான். இங்கே பொறி நம் மொழியின் வரிசைக்கு வளைந்தது. இம்மாற்றமே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

கைப்பேசி செய்த மாற்றம்

கைப்பேசிவழிக் குறுஞ்செய்தி முதன்முதலில் அனுப்பப்பட்டது 1992-ஆம் ஆண்டில். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கிடைத்தன. ஒருங்குறித் தமிழிலோ 70 குறிகள் மட்டுமே. அதிலும் ‘கொ’ என்பது இரண்டு குறிகளாகக் கணக்கிடப்படும். பல கைப்பேசிகளில் தமிழ் தெரிவதே இல்லை. இந்நெருக்கடியில் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதும் வழக்கம் வேரூன்றியது. நெருக்கடி நீங்கிய பின்னும் அவ்வழக்கம் நீங்கவில்லை. இன்று பலர் ஆங்கில எழுத்துகளை அழுத்தி, அவற்றைக் கைப்பேசி தமிழாக மாற்றித் தருவதை ஏற்கின்றனர். லகர, ளகர, ழகரங்களையும் ணகர, நகர, னகரங்களையும் பிரித்தறியும் வேலையைக் கருவியிடமே விட்டுவிடுகின்றனர்.

2007-க்குப் பின் தொடுதிரைக் கைப்பேசிகள் பரவின. தட்டச்சு பயின்றவரின் விரல், விசை இருக்கும் இடத்தைப் பாராமலே அறியும். கண் மூலத்தில் நிலைத்திருக்கும். கண்ணாடித் திரையில் மேடுபள்ளம் இல்லாமையால் கண் விரலையே பின்தொடர்கிறது. அத்துடன் நாம் இரண்டு எழுத்து எழுதுவதற்குள், கருவி மூன்று சொற்களை முன்வைத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. ஏட்டுக் காலத்தில் விடுபட்டதைப் படிப்பவர் நிரப்பினார். இப்போது எழுதுபவர் முடிக்கும் முன்னரே கருவி நிரப்புகிறது.

பேசினால் எழுதும் கருவி

2017-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் தன் குரல்வழி எழுதும் வசதியில் தமிழையும் சேர்த்தது. கை நடுங்கும் முதியவர், பார்வை இழந்தவர், எழுத்தறியாதவர் ஆகியோருக்கு இது பெரிய வாய்ப்பு. பேசியது எழுத்தாகிறது, வந்த கடிதத்தைக் கருவி படித்தும் காட்டுகிறது. பிறர் தயவை நாடி நின்ற ஒருவர் தம் மகளுக்குத் தாமே மடல் விடுக்க முடிகிறது என்றால், அது எளிய நன்மையன்று.

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு இக்காட்சி மிகவும் பழக்கமானது. இது நம் வகுப்பறையின் ‘சொல்வதெழுதுதல்’ அன்றி வேறில்லை. சொல்பவர் நாம், எழுதும் மாணவன் கருவி. ஆனால் சொல்வதெழுதுதல் என்னும் பாடம், சொல்லி முடித்ததோடு நிறைவடைவதில்லை. ஏடுகளை வாங்கி, எழுத்தெழுத்தாகத் திருத்தித் திருப்பித் தந்த பின்னரே அது முடியும். இன்று நாம் பாதிப் பாடத்தை மட்டும் நடத்துகிறோம். சொல்கிறோம், திருத்தாமல் அனுப்பிவிடுகிறோம்.

‘திருமணத்துக்குப் பெரிய தவலை இரண்டு வேண்டும்’ என்று சொன்னது ‘தவளை இரண்டு வேண்டும்’ என்று போய்ச் சேர்ந்தால் சிரித்து விடலாம். அறம் அரமாவதும், மனம் மணமாவதும் கூடப் பொறுக்கத்தக்கவையே. தொகையிலும் நாளிலும் பெயரிலும் பிழை நேர்ந்தால் சிரிப்பு அடங்கிவிடும். ஆங்கில எழுத்திலுள்ள பெயரைக் கணினியே தமிழாக்கும்போது, தரணேந்திரன் என்னும் பெயர் ‘தரநெந்திரன்’ என்று பதிவாகக்கூடும். ஆதாரில் ஒரு வகை, பட்டாவில் ஒரு வகை, வங்கிப் புத்தகத்தில் ஒரு வகை என்று பெயர் அமைந்துவிட்டால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அக்குடும்பம் பல நாள் அலைய நேரும். பதிவு செய்த அன்றே திரையைப் பார்த்து ஓர் எழுத்தைத் திருத்தச் சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

2022-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி போன்ற பொறிகள் மேலும் ஒரு படி சென்றுவிட்டன. அவற்றுக்கு நாம் முழு வாசகத்தையும் சொல்ல வேண்டியதில்லை. ‘இரங்கல் கடிதம் எழுது’, ‘இப்பொருள் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுது’ என்றால் எழுதித் தருகின்றன. பெருந்தொகையான உரைகளைக் கொண்டு பயிற்றப்பட்டு, எச்சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணித்து அடுக்குவதே அவற்றின் அடிப்படை முறை. ஆதலின் வாக்கியம் ஒழுங்காக அமைந்திருக்கும். அதிலுள்ள செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதப்படாத நூலை எழுதியதாகவும், நிகழாத நிகழ்ச்சிக்கு ஆண்டு குறித்தும் அவை தந்துவிடுவதுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முன்னைய கருவிகளின் பிழை கண்ணுக்குத் தெரிந்தது. ஓலையில் சிதைவு தெரியும். அச்சில் தலைகீழ் எழுத்து தெரியும். தட்டச்சில் அடித்துத் திருத்திய தடம் தெரியும். இன்றைய பொறியின் பிழையோ நல்ல தமிழ் நடையை உடுத்தி வருகிறது. மாணவனின் தவறான விடை தடுமாறும் எழுத்தில் இருந்தால் ஆசிரியர் உடனே விழிப்படைவார். முத்து முத்தான கையெழுத்தில் இருந்தால் சற்று ஏமாறவும் கூடும். அந்த நிலையே இது.

பொறுப்பு யாரிடம்?

தொடக்கத்தில் வைத்த வினாக்களுக்குத் திரும்புவோம். எழுதுவோரிடம் கருவி கேட்ட உழைப்பு படிப்படியாகக் குறைந்து வந்துள்ளது. எழுத்தாணி ஆண்டுக்கணக்கான பயிற்சியைக் கேட்டது. தட்டச்சு மாதக்கணக்கான பயிற்சியைக் கேட்டது. குரல்வழி எழுத்து எப்பயிற்சியையும் கேட்பதில்லை. ஆனால் அதே வேகத்தில், எழுத்துக்கும் வாசகருக்கும் இடையே நின்ற மனிதர்களும் விலகிவிட்டனர். ஏடு எழுதுவோர் இல்லை, அச்சுக்கோப்பவர் இல்லை, பெரும்பாலான செய்திகளுக்கு மெய்ப்பு நோக்குபவரும் இல்லை. அவர்கள் அனைவரும் செய்த வேலை இப்போது கைப்பேசியை வைத்திருக்கும் ஒவ்வொருவர் மீதும் வந்து சேர்ந்துள்ளது. எழுதும் வேலை கையை விட்டுப் போயிற்று. சரிபார்க்கும் வேலை நம்மிடமே தங்கிவிட்டது. இதை உணராமையே இன்றைய குழப்பங்கள் பலவற்றுக்குக் காரணம்.

சரிபார்க்க வேண்டுமாயின் சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ழகரம் எங்கே வரும் என்று அறியாத பிள்ளை, கருவி தந்த ளகரத்தை எவ்வாறு திருத்தும்? ‘கருவியே எழுதும்போது எழுத்து ஏன் கற்க வேண்டும்’ என்று கேட்போருக்கு இதுவே விடை. கருவி எழுதுகிற காலத்தில்தான் எழுத்தறிவு முன்னிலும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. எழுதியதை அனுப்பும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்தல். கண் தவறவிடும் பிழையைக் காது பிடித்துவிடும்.

2. பெயர், நாள், தொகை ஆகிய மூன்றையும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தல். அலுவலகங்களில் பதிவு செய்யும்போது, உறுதி செய்யும் முன் திரையைக் காட்டுமாறு கேட்டல். கேட்பதில் கூச்சம் வேண்டா.

3. பொறி தந்த ஆண்டு, பெயர், மேற்கோள் எதுவாயினும் நம்பத்தக்க நூலோடு ஒப்பிடுதல். ஓர் ஏட்டை மட்டும் நம்பாமல் பல ஏடுகளை ஒப்பிட்ட பதிப்பாசிரியரின் வழி இன்றும் பொருந்தும்.

4. வாரத்துக்கு ஒரு பக்கமேனும் பிள்ளைகள் கையால் எழுதப் பழக்குதல். பெரியவர் சொல்ல, சிறியவர் எழுத, இருவரும் சேர்ந்து திருத்துதல்.

5. 1978-க்கு முந்தைய எழுத்து வடிவங்களைத் தாத்தா, பாட்டி இருக்கும்போதே பேரப்பிள்ளைகள் கேட்டறிதல். அதற்கு ஈடாகக் கைப்பேசியைக் கையாளும் முறையைப் பேரப்பிள்ளைகள் பொறுமையாகக் கற்பித்தல். கற்பித்தலில் சிறியோர் பெரியோர் என்னும் வேறுபாடு இல்லை.

பயிற்சி வினாக்கள்

அ. எரி–ஏரி, கொடு–கோடு போன்று குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறும் சொல்லிணைகள் பத்து எழுதுக.

ஆ. தட்டச்சுப் பொறியில் புள்ளியை முதலில் அழுத்த வேண்டியிருந்தது ஏன்? விளக்குக.

இ. லகர, ளகர, ழகரச் சொற்கள் மிகுந்த ஐந்து வாக்கியங்களைக் கைப்பேசியிடம் சொல்லி எழுதச் செய்க. நேர்ந்த பிழைகளைக் குறித்து, அவை கருவியின் பிழையா, நம் உச்சரிப்பின் பிழையா என்று ஆராய்க.

ஈ. இல்லத்திலுள்ள மிகப் பழைய நூல் அல்லது கடிதம் ஒன்றை எடுத்து, பெரியவர் ஒருவர் துணையோடு ஒரு பக்கத்தைப் படித்து, இன்றைய எழுத்தில் பெயர்த்தெழுதுக. எழுதியவர் பெயரையும் நாளையும் இறுதியில் மறவாமல் குறிப்பிடுக.